மூட்டுக்கு மதிப்பெண் இல்லை

பொம்மையின் இடுப்பு திரும்ப மறுத்தது.

சாப்பாட்டு மேசையின்மீது விரித்திருந்த வெள்ளைத் துணியின் நடுவே, ஒரு கால் மடங்கியும் மறு கால் நீண்டும், சிவப்பு நிற ரோபோ ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் கால்கள் பின்புறமாகச் சுழன்று ஒன்று சேர்ந்தால் பின்சக்கரம் உருவாகும், கைகள் முன்னே நீண்டு குவிந்தால் முன்சக்கரம் உருவாகும், முதுகு இருக்கையாகும், மனித உருவம் மறைந்து அங்கே மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். பெட்டியின் மேலிருந்த படம் அவ்வாறுதான் வாக்களித்தது. பெட்டிக்குள் இருந்ததோ இடுப்பளவில் அடம்பிடித்தது. சிறுமி முதலில் மெல்லத் திருகினாள். பின்னர் பிடியை மாற்றிச் சற்று அழுத்தித் திருகினாள். அதன் பிறகு இரு கைகளையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"திரும்பல. இதுக்கு மேல அழுத்தினா உடைஞ்சிடும். வெளிச்சமும் போயிடுச்சு. நாளைக்குக் காலையில இதே இடத்துலேர்ந்து பாக்கலாம்," என்று தலைக்கு மேல் தொங்கியபடி படம்பிடித்துக்கொண்டிருந்த கைபேசியிடம் கூறிவிட்டு, அதை அணைத்தாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. கடைவீதியில் பொம்மைக் கடை வைத்திருந்தவர், புதிதாக வந்திறங்கும் பொம்மைகளில் ஒன்றை அவளிடம் கொடுத்தனுப்புவார். அவள் அதைப் பிரித்து, ஆராய்ந்து, மதிப்பெண் இட்டு, காணொளியாக வெளியிட்ட பின் திருப்பிக் கொடுப்பாள். அது அவருடைய கண்ணாடி அலமாரியில் மாதிரியாக நிற்கும். காணொளியில் அவள் முகம் தெரிவதில்லை. மணிக்கட்டு வரையிலான கைகள் மட்டுமே தெரியும். ஆகவே பார்ப்பவர்கள் அவளுக்குச் 'சின்னக்கை' என்று பெயரிட்டிருந்தனர். தோற்றம், மாறும் விதம், மூட்டு, வண்டி என்று தனித்தனியே மதிப்பெண் இடுவாள். அதில் அவளுக்கென ஒரு நெறியும் இருந்தது. கேமரா பார்க்காத வேளையில் பொம்மையின் எந்தப் பகுதியையும் அவள் திருப்பிப் பார்க்கமாட்டாள். பிறரைத் தொடவும் விடமாட்டாள். "முதல் தடவை எப்படித் திரும்புதோ அதான் உண்மை. பழகிட்டா எல்லாமே ஈஸியாதான் இருக்கும்," என்று ஒருமுறை தாயிடம் விளக்கியதை, சமையலறை வாசலில் நின்றிருந்த மெக்கானிக் கேட்டிருக்கிறார்.

மெக்கானிக் அவளுக்குத் தந்தை அல்லர். அவளுடைய தாயை அவர் மணந்து ஓராண்டு ஆகியிருந்தது. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் பணிபுரிந்த அந்தப் பெண்மணி, நின்றுபோன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவருடைய பட்டறைக்கு வந்த நாளில் தொடங்கிய உறவு அது. சிறுமியின் சொந்தத் தந்தை வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பார். "போன வாரம் ஏன் கூப்பிடல? சும்மா பொய் சொல்லாதீங்கப்பா!" என்று சிறுமி அவரிடம் வீடே அதிரக் கத்துவாள். தாயிடமும் அப்படித்தான். தாய் வாய்தவறிப் 'பாப்பா' என்று அழைத்துவிட்டால் போதும், "பாப்பா கீப்பான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்று சீறுவாள். மெக்கானிக்கும் இதையறியாத தொடக்க நாளொன்றில் அவளைப் 'பாப்பா' என்று அழைத்தார். அவள் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தி, "சொல்லுங்க அங்கிள்," என்றாள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

அந்தச் 'சொல்லுங்க'வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையில்லாமைதான் அவரை வாட்டியது. தண்ணீர் கேட்டால் தம்ளரின் அடியைத் துடைத்துக் கொடுத்தாள். அவர் கூடத்துக்குள் நுழைந்தால் சோபாவில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். கைபேசியை மேலிருந்து தொங்கவிட, பழைய வண்டியொன்றின் கண்ணாடிக் கம்பியை வளைத்து அவர் தாங்கி செய்து கொடுத்தபோது, "தேங்க்ஸ் அங்கிள், ரொம்ப நல்லாருக்கு," என்றாள். விருந்தாளியிடம் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. ஓராண்டு கடந்தும் தாம் விருந்தாளியாகவே நீடிப்பதை உணர்ந்த மெக்கானிக், என்றேனும் ஒருநாள் அவள் தம்மைப் பார்த்து முகத்தைச் சுளித்து ஒரு வார்த்தை திட்டிவிடமாட்டாளா என்று ஏங்கினார். இதனை மனைவியிடம் சொல்வதற்கும் வெட்கமாக இருந்தது. திட்டு வாங்க ஆசைப்படுகிறேன் என்று எந்த மனிதனால் வாய்விட்டுச் சொல்ல முடியும்?

இந்நிலையில்தான் அவள் தானாகவே வந்து கேட்டாள். "அங்கிள், அடுத்தது பைக்கா மாறுற ரோபோ. பைக் பார்ட்டுக்கு நீங்க வந்து பேசுறீங்களா? உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும்." அன்றிலிருந்து பட்டறையில் அவருக்கு வேறு பேச்சில்லை. பக்கத்துக் கொட்டகையில் வண்டிகளுக்கு வர்ணம் பூசும் பெயின்டர், "அண்ணே, நீங்க இப்ப நடிகரு. இனிமே பஞ்சர்னு யாராச்சும் வந்தா கையெழுத்து போட்டுக் குடுத்து அனுப்பிடுவீங்க போல," என்று கேலி செய்தார். மெக்கானிக் அதைப் பொருட்படுத்தவில்லை. நகக்கண்களில் உறைந்திருந்த கரியைப் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் நாள்தோறும் தேய்த்தார்.

இப்போதோ இடுப்பு திரும்பவில்லை.

"அப்போ நாளைக்கு?" என்று மெக்கானிக் கேட்டார்.

"நாளைக்கு இன்னொரு தடவை பாப்பேன் அங்கிள். திரும்பலன்னா, திரும்பலன்னே சொல்லிடுவேன். அதுவும் ஒரு முடிவுதானே."

"பைக் பார்ட்டு?"

"பைக்கே வரலன்னா பைக் பார்ட்டு எப்படி அங்கிள்?" என்று சிரித்தாள். பல்மருத்துவமனையில் முன்பதிவு இல்லாமல் வருபவர்களைப் பார்த்து அவள் தாய் சிரிக்கும் சிரிப்பு அது.

சற்று நேரத்தில் தாயும் மகளும் பள்ளிக்கூடக் காலணி வாங்கப் புறப்பட்டனர். எந்தக் காலணி என்பதைப் பற்றிய சண்டை படியிறங்கி, தெருவைக் கடந்து, வெகுதூரம் வரை கேட்டது. மெக்கானிக் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் முதலில் பார்த்தார். இறுகிய மூட்டு. அவருடைய வாழ்நாளே இறுகியவற்றோடு கழிந்ததுதான். துருவேறிய நட்டு, மழையில் கிடந்த செயின், ஆண்டுக்கணக்கில் நகராத பிரேக் நெம்புகோல் என எதுவாயினும் இறுதியில் அவருக்கு வழிவிட்டே தீர்ந்தது. அதற்கு மந்திரம் ஒன்றுமில்லை. சில சொட்டு எண்ணெயும் சற்றுப் பொறுமையும் போதும். 'அவதானே திருப்பப் போறா. நாம வழி மட்டும் விட்டு வைப்போம்,' என்று தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். வண்டியின் பெட்டியிலிருந்து செயின் ஆயில் குப்பியை எடுத்துவந்தார்.

எண்ணெய் உள்ளே இறங்க வேண்டுமானால் மூட்டை அசைத்தாக வேண்டும் என்பது தொழிலின் பாலபாடம். அவர் அசைத்தார். முன்னும் பின்னுமாக அசைக்க அசைக்க, உள்ளே ஏதோ இளகிக்கொடுப்பதை விரல்கள் உணர்ந்தன. அந்த உணர்ச்சிக்குப் பிறகு நிறுத்துவது அவர் கையில் இல்லை. இடுப்பு முழுச்சுற்றுச் சுற்றியது, கால்கள் பின்னே போய்ச் சேர்ந்தன, கைகள் குவிந்தன. வெள்ளைத் துணியின்மீது சிவப்பு மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். வெளியே ஆட்டோ ஒன்று நிற்கும் ஓசை கேட்டதும் அவசரமாக மீண்டும் மனிதனாக்கி, எந்தக் கால் மடங்கியிருந்தது என்று யோசித்து, அவ்வாறே கிடத்தினார். ஆட்டோ பக்கத்து வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட கோடுபோட்ட சட்டையை அணிந்துகொண்டு அவர் படுக்கையறைக் கண்ணாடி முன் நின்றார்.

"கை மட்டும்தான் தெரியும்னு அவ சொல்லிட்டா. அப்புறம் எதுக்குங்க இந்தச் சட்டை?" என்று மனைவி கேட்டாள்.

"கையும் சட்டையிலேர்ந்துதானே வெளிய வருது."

"என்னப் பொண்ணு கேட்டு வந்தப்பகூட இவ்ளோ நேரம் தலை சீவினதில்ல நீங்க."

கூடத்திலிருந்து சிறுமியின் குரல் கேட்டது: "இன்னிக்குத் திரும்புது." அதன் பிறகு சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர் பிளாஸ்டிக் பாகங்கள் ஒன்றில் ஒன்று பொருந்தும் 'கிளிக்'குகள் வரிசையாகக் கேட்டன. மெக்கானிக் சீப்பைக் கையில் பிடித்தவாறே புன்னகைத்தார். "அங்கிள், வாங்க," என்று அவள் அழைத்தாள்.

தம் கைகள் இரண்டும் கேமராவின் கண்ணுக்குள் நுழைந்தபோது அவர் நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டார். ஆனால் வண்டி என்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்குப் பேச்சு தானாக வரும்.

"மொதல்ல இது எப்படி ஓடும்? செயினே இல்லையே. பின்னாடி ஒருத்தர் தள்ளிக்கிட்டே வரணும். அடுத்து, சைலன்சர் பாருங்க, நேரா ஓட்டுறவர் கெண்டைக்காலப் பாத்து நிக்குது. ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா கால் வெந்துடும்."

சிறுமி களுக்கென்று சிரித்தாள்.

"ஸ்டாண்டு வலப்பக்கம் வெச்சிருக்காங்க. இறங்குறவங்க லாரிக்குள்ளதான் இறங்கணும். சீட்டுக்கு அடியில என்ன இருக்கு? தூக்கிப் பாரு."

"தலை, அங்கிள்."

"ஆமா, ரோபோவோட தலை. உக்கார்றவன் பாவம் அவன் தலை மேலயே உக்காந்துக்கிட்டு ஊரு பூரா சுத்துறான்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய தோள்கள் குலுங்கின. "மார்க் எவ்ளோ அங்கிள்?"

"மார்க்கா? ஆர்.சி. புக்கே குடுக்க மாட்டேன்."

அவள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். அந்தச் சில நிமிடங்கள்தாம் அவர் ஓராண்டாகக் காத்திருந்தவை. தாம் இனி இந்த வீட்டில் சோபாவில் காலை நீட்டிப் படுக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

கடைசியாக, வண்டியை மீண்டும் மனிதனாக்கிக் காட்ட வேண்டும். அவள் இடுப்பைப் பற்றித் திருப்பினாள். மூட்டைச் சுற்றி நரைமுடி போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தன. பாதித் திருப்பத்தில் 'டக்'கென்று ஓர் ஓசை. ரோபோவின் கால்கள் அவளுடைய ஒரு கையிலும், உடல் மறு கையிலும் இருந்தன.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தை நிரப்பும் பொறுப்பு தம்முடையது என்று மெக்கானிக் ஏன் எண்ணினாரோ தெரியவில்லை. "மட்டமான பிளாஸ்டிக் பாப்பா. காசுக்கு ஏத்த சாமான்," என்றார்.

சிறுமி உடைந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். "இருக்கலாம் அங்கிள்," என்று கூறி, இரு துண்டுகளையும் துணியின்மீது மெல்ல வைத்தாள்.

அந்த வாரத்தின் நடுவே காணொளி வெளியாயிற்று. பெயின்டர் தம் கைபேசியை ஏந்திக்கொண்டு பட்டறைக்குள் ஓடிவந்தார். இருவரும் பிரித்துப் போட்ட எஞ்சின் ஒன்றின் அருகே குந்தி அமர்ந்து பார்த்தனர். மெக்கானிக்கின் பகுதி வெட்டப்படாமல் முழுதாக இருந்தது. செயின், சைலன்சர், தலைமேல் உட்காரும் நகைச்சுவை யாவும் இருந்தன. பெயின்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். பின்னர் உடைந்த காட்சி வந்தது. 'மட்டமான பிளாஸ்டிக்' என்று அவர் சொன்னது மட்டும் அதில் இல்லை. சின்னக்கை இரண்டும் துண்டுகளை ஓரமாக நகர்த்தின.

"மூட்டுக்கு மார்க் போடல. கேமராவுக்கு வெளியில ஒண்ணு நடந்துடுச்சு. அதனால இது பொம்மையோட தப்புன்னு என்னால சொல்ல முடியாது. பைக் பத்திச் சொன்ன அங்கிளுக்கு நன்றி."

"யாரோ கைய வெச்சிருக்கான் அண்ணே," என்றார் பெயின்டர். "அந்த வெடிப்பப் பாத்தீங்களா? ஆயில் பட்ட வெடிப்பு அது. இரும்புக்குத்தான் ஆயில் மருந்து. பிளாஸ்டிக்குக்கு வெஷம். உள்ள குடிச்சிட்டுச் சும்மா இருக்கும், திருப்புறப்போ கழுத்தறுத்துடும். சைடு பேனல்ல இந்தத் தப்பப் பண்ணிட்டு நான் அழுதிருக்கேன். எந்தப் புத்திசாலி போட்டான்?"

பெயின்டர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். "நான் கம்ப்ரசர ஆஃப் பண்ணாம வந்துட்டேன்," என்று முணுமுணுத்தவாறு, கைபேசியை அவரிடமே விட்டுவிட்டு எழுந்து போனார்.

தனித்திருந்த மெக்கானிக் காணொளியைப் பின்னோக்கி நகர்த்தினார். தம் பகுதிக்கும் முன்னால், தாம் கண்ணாடி முன் தலைசீவிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குச் சென்றார். "இன்னிக்குத் திரும்புது," என்கிறாள். முதல்நாள் அசையாத இடுப்பு ஒரே விரலுக்கு வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. சின்னக்கை நின்றுவிடுகிறது. கட்டைவிரல் சுட்டுவிரலின்மீது மெல்லத் தேய்கிறது; நின்று மறுபடியும் தேய்கிறது. கை படச்சட்டத்தைவிட்டு வெளியே போகிறது, முகர்ந்து பார்க்கப் போவதுபோல. திரும்பி வந்து, துணியின் ஓரத்தில் விரலைத் துடைக்கிறது. அங்கே தேநீர்க்கறை போன்ற தடம் ஒன்று படிகிறது. அதன் பிறகுதான் 'கிளிக்'குகள். அதன் பிறகுதான், "அங்கிள், வாங்க."

ஆக, அவள் அறிந்திருக்கிறாள். அவரை அழைப்பதற்கு முன்பே அறிந்திருக்கிறாள். தன் நெறி தன் வீட்டுக்குள்ளேயே முறிக்கப்பட்டதை அறிந்து, அதன் பின்னர் அவரை அழைத்து, பேசவைத்து, சிரித்திருக்கிறாள். அந்தச் சிரிப்பு மெய்யானதா, அன்றி வீட்டுக்கு வந்தவரை மனம் நோகச் செய்யக் கூடாதென்று சிரித்ததா? அவர் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். கைகள் மட்டுமே தெரிந்தன. கைகளிலிருந்து சிரிப்பைக் கண்டறியும் வித்தை எந்தப் பட்டறையிலும் கற்பிக்கப்படுவதில்லை.

அன்று மாலை அவள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"பாப்பா."

"சொல்லுங்க அங்கிள்."

"அந்த ஆயில்... நான்தான்."

"தெரியும் அங்கிள்."

"மட்டமான பிளாஸ்டிக்னு வேற சொன்னேன்."

"பரவாயில்ல அங்கிள். ஹெல்ப் பண்ணணும்னுதானே பண்ணீங்க."

"கடைக்காரர்கிட்ட நானே வந்து சொல்லிடுறேன்."

"நான் சொல்லிட்டேன் அங்கிள். என் கை பட்டு உடைஞ்சுதுன்னு."

"உன் கையா? நான்தான்னு சொல்லியிருக்கலாமே."

அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். முதன்முறையாகச் சற்றுத் தடுமாறினாள். "யாருன்னு கேப்பாரு. அங்கிள்னா, எந்த அங்கிள்னு கேப்பாரு. அதெல்லாம் எதுக்குன்னு..." என்று இழுத்தவள், அவர் முகத்தைக் கண்டதும் அவசரமாக, "டீ போடட்டுமா அங்கிள்?" என்றாள்.

அவர் வேண்டாமென்று தலையசைத்தார். 'என்னைத் திட்டேன்,' என்று சொல்ல அவருக்கு வாய்வரை வந்தது. அதைக் கேட்டுப் பெறுவதில் பொருளில்லை என்பதும் உடனே விளங்கியது.

சில வாரங்களுக்குப் பின் அடுத்த பெட்டி வந்தது. அதில் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, "அங்கிள், நாளைக்கு நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டாள். குரலில் ஒரு குறையுமில்லை. சனிக்கிழமைகளில் பட்டறை மதியத்தோடு மூடப்படும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இருட்டிடும்மா. நிறைய வேலை கெடக்கு," என்றார்.

அவளுடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன. "சரி அங்கிள்."

சனிக்கிழமை பட்டறை வழக்கம்போல் மதியத்தோடு மூடப்பட்டது. மெக்கானிக் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். வீட்டுக்கு எதிர்ச்சாரியில் பேருந்து நிறுத்தம் ஒன்று உண்டு. அதன் பலகையில் அமர்ந்தால் கூடத்து ஜன்னல் தெரியும். திரைச்சீலை பாதி விலகியிருந்தது. மேசையின் விளிம்பும், அதன்மீது ஊன்றிய சிறிய முழங்கை ஒன்றும் தெரிந்தன. முழங்கை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எதையோ அவள் மிகுந்த நிதானத்தோடு திருப்பிக்கொண்டிருந்தாள். அதன் எடையையும் இறுக்கத்தையும் கணிக்க முயன்றவர்போல, மடியில் கிடந்த அவருடைய விரல்களும் தம்மையறியாமல் மெல்ல மடங்கி நிமிர்ந்தன.

பேருந்து ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் குனிந்து பார்த்து, "வர்றீங்களா?" என்றார். மெக்கானிக் கையை உயர்த்தி இல்லையென்று காட்டினார். பேருந்து நகர்ந்தது. ஜன்னலில் முழங்கை இன்னும் இருந்தது. வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அருகில் ஒரு பெண் வந்து கூடையைக் கீழே வைத்து அமர்ந்தாள். அவர் அவளுக்காகச் சற்று ஒதுங்கி இடம் கொடுத்தார். அடுத்த பேருந்து வந்து, ஜன்னலை முழுவதும் மறைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண் ஏறிச் சென்ற பிறகும், அதன் கதவு அவர் எதிரே திறந்தபடி இருந்தது.